80 மீற்றர் கேபிளும் 24 வோல்ட்டும்: மலை டவருக்கான பிஓஈ பெட்டி

அட்டனிலிருந்து தலவாக்கலை வரை எந்த முகட்டை எடுத்தாலும் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். உச்சியில் ஒரு இரும்புக் குழாய், அதில் மூன்று நான்கு கம்பியில்லா இணைய ரேடியோ. சற்றுக் கீழே, காற்று அவ்வளவாக அடிக்காத சரிவில் பேட்டரிப் பெட்டியும் சோலார் பலகையும். நடுவில் தேயிலைச் செடிகளுக்கு ஊடாக இழுத்த கேட்5ஈ நெட்வேர்க் கேபிள், 60 மீற்றரோ 80 மீற்றரோ. டேட்டாவோடு கரண்டும் இதே கேபிளில் போகும்; அதுதான் பிஓஈ (பவர் ஓவர் ஈதர்நெட்). லயங்களில் இணையம் வருவது அந்தக் கேபிளின் புண்ணியத்தில். ஆகவே கரண்டை மேலே அனுப்பும் பெட்டியின் கணக்கை விடிகாலை நாலு மணியில் வைத்துத் தொடங்க வேண்டும்: பேட்டரி அடிமட்டத்தில், இரண்டு நாளாக வெயில் இல்லை, ரேடியோக்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கின்றன.

24 கேஜ் செம்புக் கம்பி ஒன்றுக்கு 100 மீற்றரில் சுமார் 8.4 ஓம் தடை. மறுமுனையைச் சோதிக்காமல் நேராகக் கரண்ட் விடும் பாசிவ் பிஓஈயில் கேபிளின் 4, 5ஆம் கம்பிகள் இரண்டும் பிளஸ். 7, 8 இரண்டும் மைனஸ். இரண்டு கம்பி சேர்வதால் தடை பாதியாகும். போகிற வழி, வருகிற வழி இரண்டையும் கூட்டினால் மறுபடி 8.4 ஓம். 80 மீற்றருக்கு 6.7. 15 வாட் இழுக்கும் ரேடியோவுக்குக் கீழிருந்து 24 வோல்ட் அனுப்பினால் மேலே 18.6 வோல்ட் சேரும். நாலு வாட்டுக்கு மேல் கேபிளிலேயே சூடாகிப் போய்விடும். இதுவரை சமாளிக்கலாம். பேட்டரி 21 வோல்ட்டுக்கு இறங்கும்போதுதான் வினை. ரேடியோவுக்குள் இருக்கும் கன்வேர்ட்டர் வோல்ட் குறையக் குறையக் கூடுதல் கரண்ட் இழுக்கும். கரண்ட் கூடினால் கேபிளில் இழப்பு கூடும். மேலே போய்ச் சேர்வது 13.6 வோல்ட். ரேடியோ எழுந்து, அணைந்து, மறுபடி எழுந்துகொண்டே இருக்கும். பார்க்கிறவர் ரேடியோ பழுது என்று கழற்றிக் கீழே கொண்டுவருவார். மேசையில் ஒரு மீற்றர் வயரில் அது அழகாக வேலை செய்யும்.

இதே கேபிள் சிசிஏயாக இருந்தால், அதாவது செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால், தடை ஒன்றரை மடங்கு. முழு 24 வோல்ட் கொடுத்தாலும் அந்த 80 மீற்றர் வழியாக 14 வாட்டுக்குச் சற்று மேல்தான் அனுப்ப முடியும். 15 வாட் ரேடியோ எந்தக் காலத்திலும் நிற்காது. கத்தியால் கம்பியைச் சுரண்டுங்கள்; உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அந்த ரோலை வீட்டுக்குள் பாவிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

54 வோல்ட்டில் இதே 15 வாட்டுக்கு நல்ல செம்பில் மேலே 52 வோல்ட் கிடைக்கிறது, இழப்பு அரை வாட் சொச்சம். மலைக்கு 24 வோல்ட் பாசிவ் வேண்டாம் என்பதற்கு இதற்கு மேல் வாதம் தேவையில்லை.

48 வோல்ட் பேட்டரியை நேராகப் போர்ட்டில் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. ஈயப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 57.6 வரை ஏறும், 802.3ஏஎஃப் என்ற பிஓஈ தரம் அனுமதிக்கும் உச்சம் 57. வற்றும்போது 44க்குக் கீழே போகும், அது தரத்தின் அடி எல்லை. 24 வோல்ட் பேட்டரி வைத்து, 20 முதல் 30 வோல்ட் வரை ஏற்கும் கன்வேர்ட்டரால் 54க்கு ஏற்றுவதே நல்லது. கன்வேர்ட்டர் ஐசொலேட்டட் (உள்ளீடும் வெளியீடும் மின்தொடர்பின்றிப் பிரிந்த) வகையாக இருக்கட்டும், விலை கூடினாலும்.

தரத்தைப் பின்பற்றும் பிஓஈ கட்டுப்பாட்டு ஐசி (சில்லு), மறுமுனையில் 25 கிலோஓம் அடையாளத்தைத் தேடிப் பார்த்த பிறகே கரண்ட் விடும். பாசிவுக்கு அந்த விசாரணை கிடையாது. பழைய 100 மெகாபிட் லேப்டாப்பைத் தவறுதலாகச் செருகினால் உள்ளே இரண்டு 75 ஓம் ரெசிஸ்டர் வழியாக 24 வோல்ட் ஓடும், ஒவ்வொன்றிலும் 1.9 வாட். கடுகளவு ரெசிஸ்டர் எத்தனை நேரம் தாங்கும்? ஏஎஃப் போர்ட் 15.4 வாட் கொடுக்கும், ரேடியோவுக்கு உறுதி 12.95. அடுத்த தரமான ஏடி என்றால் 30, 25.5. மேலே சொன்ன 15 வாட் ரேடியோவுக்கு ஏடி வேண்டும்.

அடுத்தது மின்னல். மார்ச்-ஏப்ரலிலும் அக்டோபர்-நவம்பரிலும் பிற்பகல் தாண்டினால் முகடுகளில் இடி இறங்கும். மின்னல் எழுச்சியை எர்த்துக்குத் திருப்பும் அரெஸ்டர் கேபிளின் இரண்டு முனையிலும் வேண்டும். கீழே மட்டும் வைத்தால் ரேடியோ போகும், மேலே மட்டும் வைத்தால் பெட்டி போகும். 54 வோல்ட் லைனுக்குக் குறுக்கே எஸ்எம்பிஜே58ஏ டிவிஎஸ் டயோட். திடீரென ஏறும் வோல்ட்டை அது சுமார் 94இல் பிடித்து நிறுத்தும். 60 வோல்ட் ஐசி அதற்குள் செத்துவிடும், ஆகவே பின்னால் 100 வோல்ட் ஐசியே போடுங்கள். ஒவ்வொரு கம்பியிலிருந்தும் எர்த்துக்கு 90 வோல்ட் வாயுக் குழாய்; வோல்ட் மிஞ்சினால் உள்ளே சுடர் பற்றிக் கரண்டை எர்த்துக்கு விடும். இங்கே பலர் கவனிக்காத ஒரு பொறி: பிளஸ் குழாயும் மைனஸ் குழாயும் சேர்ந்து பற்றினால், மின்னல் போன பிறகும் 54 வோல்ட்டே அந்தச் சுடரை அணையவிடாது. இரண்டு சுடரும் சேர்ந்து தாங்கும் வோல்ட் அதைவிடக் குறைவு. குழாய் சிவந்து, பலகை கருகும். போர்ட் ஐசி 50 முதல் 75 மில்லிசெக்கனுக்குள் கரண்டை வெட்டினால் சுடர் செத்துவிடும். தானே மீளும் ஃபியூஸான பொலிஃபியூஸ் இந்த வேலைக்கு ஆகாது. சூடேறித் திறக்கவே செக்கன் கணக்கில் எடுக்கும், நுவரெலியாக் குளிரில் இன்னும் தாமதம்.

எர்த் கம்பியைப் பாறையில் அடித்து என்ன பயன்? மண் கிடைக்கும் பக்கமாகச் செம்புப் பட்டையை நாலு திசையில் புதையுங்கள். டவர் எர்த்தையும் பெட்டி எர்த்தையும் தடித்த கம்பியால் இணைத்துவிடுங்கள்.

ஈரம் மெதுவாகக் கொல்லும். கேபிள் முனைச் செருகியான ஆர்ஜே45க்குள் தண்ணீர் புகுந்தால், டிசி ஓடுவதால் பிளஸ் பின் அரித்துப் பச்சை பூக்கும். ரேடியோ எழும், ஆனால் வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கி நிற்கும். கிரீஸ் வைத்து மூடி, கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டுக் கீழிருந்து நுழையுங்கள். பெட்டியை முற்றாகச் சீல் பண்ணினால் உள்ளேயே வேர்க்கும். அடியில் ஒரு சுவாசத் துளை, அதற்குக் கம்பி வலை. வலை இல்லாவிட்டால் எறும்பும் பல்லியும் குடிவரும். குளவி கட்டினால் கொழுந்து எடுக்கிறவர்களுக்குத்தான் முதல் ஆபத்து.

பேட்டரி அளவு இடத்தைப் பொறுத்தது. நாலு ரேடியோ, தலைக்கு 8 வாட்: கன்வேர்ட்டர் இழப்போடு நாளுக்கு 825 வாட்-மணி. வட்டவளைப் பக்கம் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றருக்கும் மேல். மே முதல் செப்டெம்பர் வரை மூன்று நாள் தாங்காத பேட்டரி பிரயோசனமில்லை. ஈயப் பேட்டரியில் பாதிதான் எடுக்கலாம், ஆகவே 24 வோல்ட் 200 அம்பியர்-மணி. பண்டாரவளை, அப்புத்தளைக்கு அதே மாதங்களில் கச்சான் காற்றும் வெயிலும். அங்கே கணக்கை வடகீழ்ப் பருவமழைக்கு வைத்துப் போடுங்கள்.

ரேடியோவுக்குப் பிங் (பதில் கேட்கும் சோதனைச் செய்தி) போகாவிட்டால் போர்ட்டை அணைத்துப் போடும் வாட்ச்டாக் கட்டாயம், மலையேறுவது மிச்சம். காத்திருக்கும் நேரத்தை ஐந்து நிமிடத்துக்குக் குறைக்காதீர்கள். ரேடாரோடு பகிரும் டிஎஃப்எஸ் சேனலில் ரேடியோ எழுந்ததும் குறைந்தது 60 செக்கன் ரேடார் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும். அவசரப்பட்ட வாட்ச்டாக் அதற்குள் அணைத்துவிட்டால் அந்த ரேடியோ ஒருநாளும் எழாது. போர்ட்டுகளை ஐந்து செக்கன் இடைவெளியில் ஒவ்வொன்றாக எழுப்புங்கள்.

பெட்டியை மேலே சுமக்கும் முன் மேசையில் அதே ரோலின் 80 மீற்றரை விரித்து, சப்ளையை 21 வோல்ட்டுக்கு இறக்கி, நாலு ரேடியோவையும் முழு டேட்டாவில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மறுமுனையில் மீற்றர் 50 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் கேபிளை மாற்றுங்கள்.