தாராசுரத்தில் குனிந்து பார்க்க வேண்டியவை

துர்வாசர் சாபத்தால் வெண்ணிறம் இழந்த இந்திரனின் யானை ஐராவதம் வழிபட்டு நிறம் மீண்ட தலம் என்பது கும்பகோணம் அருகே உள்ள தாராசுரம் சிவன் கோயிலின் தலபுராணம். அதனால்தான் இறைவன் பெயர் ஐராவதேஸ்வரர். கல்வெட்டுகளோ இக்கோயிலை இராசராசேச்சுரம் என்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பியது. இராசராசபுரம் என்ற ஊர்ப்பெயரே தேய்ந்து தாராசுரம் ஆயிற்று.

பெரும்பாலோர் குதிரை பூட்டிய தேர் மண்டபத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, ஐந்து நிலை விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோயிலின் உயிர் கீழே இருக்கிறது. கருவறையின் வெளிச்சுவரில், அடித்தளப் பகுதியை ஒட்டி நாயன்மார் வரலாறுகள் சிறு சிறு புடைப்புச் சிற்பங்களாக ஓடுகின்றன. பலவற்றின் மேல் சோழர்காலத் தமிழ் எழுத்தில் பெயர்க் குறிப்பும் உண்டு. அந்த வரலாறுகளைச் சொல்லும் பெரியபுராணம், இராசராசனின் தந்தை இரண்டாம் குலோத்துங்கன் காலத்து நூல். மகன் காலத்திலேயே கல்லில் ஏறிவிட்டது, எவ்வளவு பெரிய விஷயம்!

உச்சி வெயிலில் போகாதீர்கள். நிழல் விழாததால் புடைப்பெல்லாம் தட்டையாகத் தெரியும். காலையோ மாலையோ சாய்ந்த வெளிச்சத்தில் எழுத்துகூடப் படிக்கலாம். மாவு, சுண்ணாம்பு தடவிப் படிக்க முயலவே வேண்டாம். நுண்ணிய கீறல்களில் அடைத்துக்கொள்ளும். பலிபீடத்தருகே உள்ள, தட்டினால் இசையொலி எழுப்பும் இசைப்படிகளைக் கல்லால் தட்டிப் பார்ப்பதும் அப்படித்தான், தட்டத் தட்டச் சிதையும். கம்பி வேலிக்கு வெளியே நின்று பாருங்கள்.