பௌலிங்: என் முதல் அடியைத் திருத்திய கதை

கனமான பந்தை உருட்டிப் பத்துப் பின்களை வீழ்த்தும் பௌலிங் ஆட்டத்தை ஆடத் தொடங்கி இரண்டு வருஷம் ஆகியும் என் சராசரி ஸ்கோர் 130-ஐத் தாண்டவில்லை. ஒரே இடத்தைக் குறிவைப்பேன். ஒரு பந்து இடப்பக்கம் ஓடும், அடுத்தது வலப்பக்கம் நழுவும். மணிக்கட்டை மாற்றிப் பார்த்தேன், பந்தையே மாற்றிப் பார்த்தேன்.

ஒருநாள் மாஸ்டர் பக்கவாட்டில் நின்று என் கைப்பேசியில் வீடியோ எடுத்து, ஓரிடத்தில் நிறுத்திக் காட்டினார். தாண்டக் கூடாத கோடான ஃபவுல் லைனுக்கு முன்னால் இடது ஷூ சறுக்கி முடித்து நின்றுவிட்டது. பந்தோ இன்னும் முதுகுக்குப் பின்னால் தொங்குகிறது. "கால் வந்து சேர்ந்துடுச்சு, கை எங்க இருக்கு பாரு தம்பி. இனி நீ அதை இழுத்துத்தானே ஆகணும்?" என்றார். வீடியோவைப் பின்னோக்கி ஓட்டியபோதுதான் மூலகாரணம் தெரிந்தது. முதல் அடி வைக்கும்போது பந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. இரண்டாவது அடியில்தான் அதை முன்னால் நீட்டியிருக்கிறேன்.

வலக்கைக்காரர்களுக்கு நான்கு அடிக் கணக்கு இது: வலது காலோடு பந்து முன்னே போக வேண்டும். இடது காலில் அது காலோரமாகக் கீழே இறங்கும். மூன்றாவது அடியில் பின்னால் உச்சிக்குப் போகும். நான்காவதில் இடது கால் சறுக்கும்போது பந்தும் இறங்கி வந்து, கால் நிற்கும் நேரத்தில் கையை விட்டுப் போகும். ஐந்து அடி நடப்பவர்களுக்குத் தொடக்கத்தில் ஓர் அடி கூடுதல், அவ்வளவுதான்.

கை ஊஞ்சல் மாதிரி. ஊஞ்சல் போய் வரும் நேரத்தைக் கயிற்றின் நீளம்தான் தீர்மானிக்கும். இங்கே கயிறு உங்கள் கை. பிடியைத் தளர்த்தித் தானாக ஆட விட்டால் அதன் வேகம் பெரிதாக மாறாது. ஆகவே நடையைத்தான் ஸ்விங்குக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். பந்து கனமாக இருந்து தோள் இறுகுகிறதென்றால் தயங்காமல் இரண்டு பவுண்டு குறைத்துக்கொள்ளுங்கள். 16 பவுண்டுதான் உச்ச வரம்பு, அதைத் தூக்கியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

நான் செய்த பயிற்சி எளியது. முதல் மூன்று வாரம் ஸ்கோரே பார்க்கவில்லை. ஃபவுல் லைனுக்குச் சற்றுப் பின்னால் நின்று, பந்தை முன்னும் பின்னும் ஒருமுறை ஆட்டி, அது முன்னால் வரும்போது இடது காலை மட்டும் சறுக்கிவிடுவேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை. கையும் காலும் ஒன்றாய் முடிகிற அந்த உணர்வு உடம்பில் பதிந்த பிறகே நான்கு அடிக்குப் போனேன். வீட்டில் பந்தே இல்லாமல், கண்ணாடி முன்னால், வலது காலும் வலது கையும் சேர்ந்து கிளம்புகிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

எங்கிருந்து நடையைத் தொடங்குவது என்பதற்கு ஒரு வழி உண்டு. ஃபவுல் லைனுக்கு முதுகைக் காட்டி நின்று, இயல்பாக நாலரை காலடி நடந்து திரும்புங்கள். அதுதான் உங்கள் இடம். பந்தை விட்டதும் குனிந்து, தரையில் நீளவாக்கில் பதித்த குறுகிய பலகைகளில் எதன்மேல் இடது ஷூ நிற்கிறது என்று பாருங்கள். தொடங்கிய பலகையிலிருந்து இரண்டு மூன்று பலகைக்கு மேல் விலகியிருந்தால் நடை கோணுகிறது. எனக்கு ஏழு பலகை விலகியிருந்தது! பந்து பின்களைத் தொடும்வரை அதே நிலையில் ஆடாமல் நிற்க முடிகிறதா என்றும் பாருங்கள். தடுமாறினால் அநேகமாக நேரம் தப்பியிருக்கிறது.

ஷூ விஷயத்தில் கவனம் வேண்டும். பௌலிங் ஷூவோடு கழிவறைப் பக்கம் போகவே கூடாது. ஈரம் பட்ட அடிப்பகுதி சறுக்காமல் திடீரென்று பிடித்துக்கொள்ளும். நான் அப்படி முழங்கால் அடிபட விழுந்து பத்து நாள் ஆடாமல் இருந்தேன். அதன் பிறகு எப்போதும் முதல் பந்துக்கு முன்னால், கையில் பந்தில்லாமல் ஒருமுறை சறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

நான்கு மாதத்தில் சராசரி 155-ஐத் தொட்டது. இப்போதும் மாதம் ஒருமுறை அதே பக்கவாட்டுக் கோணத்தில் வீடியோ எடுத்து, முதல் அடியை மட்டும் நிறுத்திப் பார்க்கிறேன். களைத்துப்போன மூன்றாவது ஆட்டத்தில்தான் பழைய தவறு திரும்ப எட்டிப் பார்க்கும்; அதனால் அந்த ஆட்டத்தைத்தான் எடுக்கச் சொல்வேன்.