மாதம் 350 வெள்ளி

கணக்கில் நான் சொன்னது சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதப் போவதைப் படித்துவிட்டு, லோன் வாங்கிக் கொடுத்த பேங்க் ஆள் தப்பான வழி காட்டிவிட்டு இப்போது புலம்புகிறான் என்று யாரும் நினைக்கக் கூடாது. அன்றைக்குப் போட்ட கணக்கை அப்புறம் எத்தனையோ முறை போட்டுப் பார்த்துவிட்டேன். அதே விடைதான் வருகிறது. பிறகு ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறேன் என்பதுதான் தெரியவில்லை.

2019. பீடோங்கிலிருந்து வந்த ஓர் அண்ணனுக்கு அப்போது 47 வயது. சுங்கைப் பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு லோன், வாடகைக்கு விட்டிருந்த ஒற்றை மாடி வீட்டுக்கு ஒரு லோன். செமிலிங் பக்கம் மூன்றாவதாக ஒரு வீடு பார்த்து வைத்திருந்தார். அங்கிருக்கும் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அறை அறையாக விடலாம் என்று திட்டம். மூன்றாவது வீட்டு லோன் என்றால் விலையில் 70 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது. 2010 நவம்பரில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா கொண்டுவந்த விதி. வீட்டு விலை 260,000 வெள்ளி. கையிலிருந்து 78,000 போட வேண்டும். வக்கீல் செலவு, முத்திரை வரி, சுவருக்குச் சாயம் எல்லாம் சேர்த்து 90,000 வேண்டும் என்றார்.

பணம் அந்த வாடகை வீட்டுக்குள் இருந்தது. மதிப்பு 240,000. பாக்கி 78,000. மாதம் 876 வெள்ளி கட்டி வந்தார், இன்னும் ஒன்பது ஆண்டில் முடிந்துவிடும்.

வழி இரண்டு. ஒன்று, என்னிடம் ரிஃபைனான்ஸ் செய்வது. பழைய லோனை அடைத்து, 90,000 கையில் கொடுத்து, 168,000 வெள்ளிக்குப் புது லோன், வட்டி 4.3 விழுக்காடு. சொந்தச் செலவுக்கு ரொக்கம் எடுத்தால் பத்து ஆண்டுக்கு மேல் தராத பேங்குகள் உண்டு. இவர் இன்னொரு வீடு வாங்குவதால் எங்கள் பேங்கில் அவருடைய 70 வயது வரை, அதாவது 23 ஆண்டு கிடைத்தது. மாதம் 960. இன்னொன்று, பழைய லோனை அப்படியே விட்டுவிட்டு, அதே பழைய பேங்கில் அந்த வீட்டின் மேலேயே 90,000க்கு ஓவர்டிராஃப்ட் எடுப்பது, அதாவது அந்த வரம்பு வரை எடுக்கவும் திருப்பிப் போடவும் கூடிய கடன் கணக்கு. வட்டி 5.8. அசலைக் கட்டச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள், வட்டி மட்டும் மாதம் 435. பழைய தவணையோடு சேர்த்து 1,311 வெள்ளி. வாடகைப் பணத்தை அதில் போட்டு வைத்தால் அன்றாட வட்டி குறையும். ஆனால் பேங்கு நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்கலாம். இதைப் பலர் படித்துப் பார்ப்பதில்லை.

மாதத்துக்கு 350 வெள்ளி வித்தியாசம். அண்ணன் இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு, “உங்க வீடா இருந்தா என்ன பண்ணுவீங்க தம்பி?” என்று கேட்டார்.

“ரிஃபைனான்ஸ்தான் அண்ணே,” என்றேன். யோசிக்கவே இல்லை. அப்போது எனக்குச் சொந்த வீடே கிடையாது, அது அவருக்கும் தெரியும்.

இந்த இடத்தில்தான் நான் சுற்றிக்கொண்டிருக்கிறேன். என் பதிலுக்குக் காரணம் இருந்தது. ஓவர்டிராஃப்ட் எடுத்து, ஒன்பது ஆண்டு கழித்துப் பழைய லோன் முடிந்ததும் அதே 1,311ஐ அதில் கட்டினால், எல்லாம் முடிய ஏறக்குறைய 16 ஆண்டு ஆகும். அதே 1,311ஐ ரிஃபைனான்ஸில் முதல் மாதத்திலிருந்தே கட்டினால் 14 ஆண்டு சொச்சத்தில் முடிந்துவிடும். வட்டி குறைவு, பேங்கு திருப்பிக் கேட்கும் பயமும் இல்லை. அதோடு, பழைய பேங்கு அவருக்கு ஓவர்டிராஃப்ட் கொடுத்திருக்குமா என்பதே சந்தேகம். மாணவர்கள் அறைக்கு அறை கையில் கொடுக்கப் போகும் வாடகையை, முத்திரையிட்ட ஒப்பந்தம் இல்லாமல், பேங்குகள் பொதுவாக வருமானமாகச் சேர்ப்பதில்லை. அவருடைய டிஎஸ்ஆர், அதாவது வருமானத்தில் கடன் தவணைகளுக்குப் போகும் பங்கு, அந்தச் சுமையைத் தாங்கியிருக்குமா என்று தெரியாது.

எல்லாம் சரி. ஆனால் “கூட 350 கட்டினால்” என்ற ஒரு நிபந்தனையில்தான் அந்தக் கணக்கு நிற்கிறது. கட்டச் சொல்லி அவரிடம் சொன்னேன். சும்மா கூடுதலாகப் போட்டால் அது அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாகப் போய்விடும், அசலில் கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கணும் என்றும் சொன்னேன். தலையாட்டினார். எல்லோரும் தலையாட்டுவார்கள். இந்த வேலையில் நான் பார்த்த வரை, கட்டாயம் இல்லாத பணத்தைப் பேங்கில் மாதா மாதம் கட்டியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அது தெரிந்துதான் சொன்னேனா? அந்த லோன் என் டார்கெட்டில் சேர்ந்தது, கமிஷனும் வந்தது. ஓவர்டிராஃப்ட் என்று சொல்லியிருந்தால் எல்லாம் பழைய பேங்குக்குப் போயிருக்கும். கமிஷன் இல்லாவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நினைக்கிறேன்.

கையெழுத்துப் போட வந்த அன்று அக்கா, அண்ணனின் மனைவி, தவணை அட்டவணையைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, “அப்ப இவருக்கு 70 வயசாயிரும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அக்காவுடைய அப்பா தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டைக் காலி செய்துகொண்டு, சாமான்களோடு மகன் வீட்டுத் திண்ணைக்கு வந்தவர். நம் பக்கத்து வீடுகளில் இந்தக் கதை இல்லாத வீடு குறைவு. 60 வயதில் யாருக்கும் ஒரு காசு பாக்கி இல்லாத கூரை வேண்டும் என்பது அவர்களுக்கு எந்த வட்டி விகிதத்தையும் விடப் பெரிய விஷயம். நான் அவர்களுக்குக் காட்டிய தாளில் அதற்கு ஒரு கட்டம் கூட இல்லை. “முன்னாலேயே முடிச்சிரலாம்கா” என்று சொல்லிப் பேனாவை நீட்டினேன்.

அப்புறம் 2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாடு. மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், பாடம் எல்லாம் ஆன்லைன், செமிலிங் வீடு காலி. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை ஆறு மாதம் தவணை ஒத்திவைப்பு இருந்தது. அதற்குப் பிறகு கட்டியாக வேண்டும், வாடகை இல்லை. அந்த நேரத்தில் தவணை 350 வெள்ளி குறைவாக இருந்ததுதான் அவரைக் காப்பாற்றியது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். சக ஊழியர்களிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த ஆண்டு கையுறைத் தொழிற்சாலைகள் எப்படி ஓடின என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணனுக்கு ஓவர்டைம் கொட்டியது. அந்தச் சம்பளத்தில் 1,311 என்ன, அதற்கு மேலும் கட்டியிருப்பார். ஆக, கொரோனா என் பக்கம் சாட்சி சொல்லவும் இல்லை, எனக்கு எதிராகவும் சொல்லவில்லை.

350 வெள்ளியை அவர் கட்டவில்லை. அது மகளுடைய மைவி காருக்குப் போனது. அதைத் தப்பென்று எப்படிச் சொல்வது? மகள் வேலைக்குப் போக வண்டி வேண்டும். பீடோங்கில் பஸ்ஸை நம்பி யார் வேலைக்குப் போக முடியும்?

2023இல் மறுபடி வந்தார். 2020 ஜூலையில் 1.75 விழுக்காடு வரை இறங்கிய ஓபிஆர், அதாவது பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதம், மே மாதம் 3.00க்கு ஏறியிருந்தது. தவணையும் ஏறியிருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை. “வீட்டு விலை ஏறியிருக்குல்ல தம்பி, இன்னொரு தடவை எடுக்கலாமா?” என்றார். இளையவனுக்குக் கல்லூரிக் கட்டணம்.

வீட்டுக்குள் பணம் இருக்கிறது என்பதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். ஆனால் அது அவருடைய பணம், அவருடைய பிள்ளை. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? இந்த முறை எதுவும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். மாதத் தவணை, மொத்த வட்டி, முடியும்போது அவருக்கு என்ன வயது என்பது வரை. அக்காவையும் கூட்டி வரச் சொல்லித் தாளை அவர் கையில் கொடுத்தேன்.

அக்கா படித்தார். அண்ணனுக்குப் பொறுமை இல்லை. “நீங்களே ஒண்ணு சொல்லிடுங்க தம்பி. எதுக்கு இத்தனை தாளு?”

வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்றேன். அது நேர்மையா, இல்லை பொறுப்பைக் கழற்றி வைத்ததா என்று இன்றைக்குக் கேட்டால் இரண்டையும் சொல்வேன். அவர் என்னிடம் வரவில்லை. வேறொரு பேங்கு ஆள், இளம் பையன், நேராக வீட்டுக்கே போய் “இதைப் பண்ணுங்க அங்கிள்” என்று ஒரே பேச்சாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டானாம். என் மேனேஜருக்கு வருத்தம். எத்தனை ஆண்டுத் தவணை என்று நான் விசாரிக்கவில்லை.