ஒரு விநாடி தாமதமும் மிளகின் சுற்றலும்

உளவியல் பாடத்துக்காக இந்தப் பருவம் ஆளுக்கு ஒரு எலி கொடுத்தார்கள். எனக்கு வந்தவள் லாங்-எவன்ஸ் வகை. தலையும் தோளும் கறுப்பு, மிச்சமெல்லாம் வெள்ளை. மிளகு என்று பெயர் வைத்தேன். விலங்குகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்று பார்க்க உளவியலாளர் ஸ்கின்னர் வடிவமைத்த சோதனைக் கூண்டுதான் ஸ்கின்னர் பெட்டி. அதற்குள் இருக்கும் லீவரை அழுத்த அவளைப் பழக்க வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான்.

நாள் 1: மூலையில் ஒண்டினாள். புழுக்கை போட்டாள். வேறு பதிவு இல்லை.

நாள் 2, 3: லீவரை மறந்துவிட்டுச் சத்தத்தைப் பழக்கினேன். என் கையிலுள்ள பொத்தானை அழுத்தினால் ‘டிக்’ என்று கேட்கும், 45 மில்லிகிராம் உருண்டை ஒன்று தட்டில் விழும். உருண்டையைத் தேடி எடுத்துத் தின்பதற்குள் எலி வேறு ஏதாவது செய்துவிடும். ‘இதற்குத்தான் கூலி’ என்று அந்த நொடியிலேயே சொல்வது ‘டிக்’ மட்டும்தான். அவள் தட்டருகில் நிற்கும்போது மட்டும் கொடுத்தால் அங்கேயே குடியிருந்துவிடுவாள் என்பதால், வெவ்வேறு இடங்களில் இருக்கும்போது அழுத்தினேன். மூன்றாம் நாள் முடிவில், பின்சுவரை மோந்துகொண்டிருந்தவள் சத்தம் கேட்டதும் பறந்து வந்தாள்.

நாள் 4: சொதப்பல். லீவர் பக்கம் தலை திரும்பினால் ஒரு ‘டிக்’, அப்புறம் ஓரடி நெருங்கினால்தான், அப்புறம் தொட்டால்தான் என்று படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நானோ ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிவிட்டுப் பொத்தானைத் தேடினேன். ஒரு விநாடி தாமதம். அதற்குள் அவள் இடப்பக்கம் திரும்பியிருப்பாள். நேரம் முடியும்போது மிளகு லீவரிடம் வருவாள், இடமாக ஒரு முழுச் சுற்று சுற்றுவாள், தட்டைப் பார்ப்பாள். நான் எதற்குக் கூலி கொடுத்தேனோ அதைச் சரியாகத்தான் செய்தாள்!

புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தீனி கொடுத்துப் பார்த்து 1948-இல் ஸ்கின்னர் எழுதிய கட்டுரையில், இப்படித்தான் ஒரு புறா கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வரும். வகுப்பில் அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

நாள் 5: நோட்டைத் தோழியிடம் கொடுத்துவிட்டேன். கண் எலி மேல், விரல் பொத்தான் மேல். சுற்றினால் ஒன்றும் கிடையாது. ஒரு படி பின்னால் போய், லீவரைத் தொடுவதற்கு மட்டும் மறுபடி கொடுத்தேன். 19-ஆவது நிமிடம் முன்கால் இரண்டையும் வைத்துத் தானாகவே அழுத்தினாள். கடைசிப் பத்து நிமிடத்தில் 41 முறை.

நாள் 6: பேராசை. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒன்று கொடுத்துக்கொண்டிருந்தவன் ஒரே தாவலில் பத்துக்கு ஒன்று என்று மாற்றினேன். ஏழெட்டு முறை அழுத்திவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு, மூன்று, ஐந்து என்று மெல்ல ஏற்றிய பிறகுதான் வழிக்கு வந்தாள்.

நாள் 7: உருண்டை போடும் கருவி அடைத்துக்கொண்டது. எரிச்சலோடு திறக்கப் போனவன் நிறுத்திக்கொண்டேன். கூலி நின்றுபோனதும் பழகிய செயல் மெல்ல மறைவதை ‘அணைதல்’ என்பார்கள். ஸ்கின்னருக்கு அதன் முதல் வரைபடம் கிடைத்ததே இப்படிக் கருவி அடைத்துக்கொண்டபோதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். சரி, பார்ப்போம் என்று விட்டேன். முதலில் வேக வேகமாக அழுத்தினாள். லீவரைக் கடித்தாள். தட்டை முகர்ந்தாள். கொஞ்சம் நின்றாள்.

அப்புறம் லீவருக்கு முன்னால் வந்து, இடமாக ஒரு சுற்று சுற்றிவிட்டுத் தட்டைப் பார்த்தாள்.