தேனுக்குத் தராசுதான்

பேக்கரி வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அண்ணே, 300 கிராம் தேன்னா 300 எம்எல் ஊத்தினா போதும்ல?" தண்ணீருக்கு அது சரி. பாலுக்கும் பெரிய வித்தியாசம் வராது. தேன் கனமானது. ஒரு லிட்டர் தேன் ஏறத்தாழ 1 கிலோ 400 கிராம் நிற்கும். ஜக்கில் 300 கோடு வரை ஊற்றினால் மாவில் விழுவது 420 கிராம். கேக் மேலே கருத்துவிடும், நடுவில் பிசுபிசுவென்று வேகாமல் நிற்கும்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுவேன்: மில்லிலிட்டரை 1.4 ஆல் பெருக்கினால் கிராம், கிராமை 1.4 ஆல் வகுத்தால் மில்லிலிட்டர். ஒரு டீஸ்பூன் 7 கிராம், டேபிள்ஸ்பூன் 21 கிராம். கப் என்று வந்தால்தான் குழப்பம். அமெரிக்கச் செய்முறையில் கப் 240 மி.லி.க்குச் சற்றுக் குறைவு. அதில் 335 முதல் 340 கிராம் தேன் பிடிக்கும். ஆஸ்திரேலியாவில் கப் 250 மி.லி., டேபிள்ஸ்பூனே 20 மி.லி. எந்த ஊர்ச் செய்முறை என்று பார்த்துவிட்டுத்தான் கப்பைக் கையில் எடுக்க வேண்டும்.

தேனில் ஈரம் கூடினால் கனம் கொஞ்சம் குறையும். 20 சதவீத ஈரம் உள்ள தேன் 1.40 என்றால், 17 சதவீதத்தில் 1.42 வரும். அடுப்படியில் இது பொருட்டே இல்லை. வாங்குகிற இடத்தில்தான் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். மார்த்தாண்டம் பக்கத்து ரப்பர் தோட்டத் தேனைச் சிலர் கிலோவுக்கு விலை சொல்வார்கள், சிலர் பாட்டிலுக்கு. 750 மி.லி. பாட்டில் நிறைந்தால் 1 கிலோ 50 கிராம். அதை "முக்கால் கிலோதானே" என்று பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. பெட்டி வைத்து, மழைக்கும் வெயிலுக்கும் ஈயைக் காப்பாற்றித் தேன் எடுத்தவருக்கு 300 கிராமுக்குக் காசு போய்விடுகிறதே!

சர்க்கரைக்குப் பதில் தேன் போடுவதும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. ஒரு கப் சர்க்கரைக்கு முக்கால் கப் தேன் என்பார்கள். கேட்டால் இனிப்பைக் குறைத்துவிட்டது போலத் தோன்றும். ஒரு கப் சர்க்கரை 200 கிராம். முக்கால் கப் தேன் 255 கிராம். அதில் 45 கிராம் போல தண்ணீர், மீதி 210 கிராம் முழுக்கச் சர்க்கரைதான். ஆகவே "சர்க்கரை குறைவான கேக்" என்று அதை விற்கக் கூடாது. நீரிழிவு உள்ளவர்களும் நம்பி வாங்குவார்கள். அந்த 45 கிராம் தண்ணீருக்காகத்தான் பாலில் கால் கப் வரை குறைக்கிறோம். தேன் சீக்கிரம் சிவக்கும் என்பதால் ஓவன் சூட்டையும் 15 டிகிரி இறக்குகிறோம்.

வீட்டில் தராசு இல்லாதவர்கள் எண்ணெயை முதலில் அளந்துவிட்டு அதே கப்பில் தேனை ஊற்றினால் ஒட்டாமல் வழுக்கி விழும். தராசு இருந்தால் கப்பே வேண்டாம். மாவுக் கிண்ணத்தைத் தராசில் வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, நேராக ஊற்றலாம். உறைந்த தேனைக் கப்பில் அள்ளினால் இடையிடையே காற்று நிற்கும், அளவு தப்பும். அதை அப்படியே வெட்டி எடுத்து நிறுத்து, அப்புறம் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்து இளக்கிக்கொள்ளலாம்.