400 கல்யாணப் படமும் ஒரு டில்டேயும்

டவுன்லோட்ஸில் கிடக்கும் 400 கல்யாணப் படங்களை போட்டோஸ் ஃபோல்டருக்கு மாற்ற வேண்டும். மௌஸால் இழுத்துப் போட்டால் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் லினக்ஸ்காரர் கையால் இழுத்தால் கௌரவம் என்னாவது? லினக்ஸுக்குக் கட்டளை எழுதும் பேஷில் நாலு வரி ஸ்கிரிப்ட், படம் படமாக எடுக்கும் ஃபார் லூப்புக்குள் ஃபைலை நகர்த்த ஒரு எம்வி.

எந்தப் பெயருள்ள படமானாலும் சரி என்று எழுதியது 'ஸ்டார் டாட் ஜேபிஜி'. முதல் ஓட்டத்தில் அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று பதில் வரும். கேமரா பெயர் வைத்தது கேப்பிடல் எழுத்தில், ஸ்கிரிப்ட் தேடுவது சின்ன எழுத்தில். எதுவும் பொருந்தாவிட்டால் பேஷ் அந்த ஸ்டாரையே ஃபைல் பெயராக எம்வி கையில் கொடுத்துவிடும். ஸ்கிரிப்டின் தலையில் பேஷின் பழக்கத்தை மாற்றும் ஷாப்ட் மைனஸ் எஸ் போட்டு, பொருந்தாத ஸ்டாரை விட்டுவிடும் நல்குளோப், பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்க்காத நோகேஸ்குளோப் இரண்டையும் எழுதினால் தீர்ந்தது.

அடுத்து 'மண்டபம் 12' என்ற பெயருள்ள படம் மாட்டும். நடுவில் ஸ்பேஸ் இருக்கிறதே! மண்டபத்தையும் காணோம், 12-ஐயும் காணோம் என்று எம்வி இரண்டு முறை ஒப்பாரி வைக்கும். ஃபைல் பெயரை வைத்திருக்கும் வேரியபிளைச் சுற்றி டபுள் கோட்ஸ் போடாத பாவம்.

இந்தப் பாடம் படித்த கையோடு எல்லாவற்றுக்கும் கோட்ஸ் போடுவார்கள் பாருங்கள், அங்கேதான் சனி பிடிக்கும். உங்கள் ஃபைல்கள் எல்லாம் இருக்கும் ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும் நெளிகோடான டில்டே (~), கோட்ஸுக்குள் போனால் வெறும் எழுத்து. 'அப்படி ஒரு இடம் இல்லை' என்று எம்வி சொல்லும். உடனே இல்லாத ஃபோல்டரைத் திறக்கும் எம்கேடிர் மைனஸ் பி சேர்ப்பார்கள். அதுவும் சமர்த்தாக இருக்கும் இடத்திலேயே டில்டே என்ற பெயரில் ஒரு ஃபோல்டரும் அதற்குள் ஒரு போட்டோஸும் திறக்க, படங்கள் அத்தனையும் அங்கே குடியேறும். எர்ரரே வராது.

இனிமேல்தான் கண்டம். 'இது என்ன குப்பை' என்று, ஃபோல்டரை உள்ளே இருப்பதோடு அழிக்கும் ஆர்எம் மைனஸ் ஆர் போட்டு டில்டே அடித்தால், கோட்ஸ் இல்லாத டில்டே உங்கள் ஹோம் ஃபோல்டர். குப்பையோடு வீடும் காலி. முதலில் படங்களை வெளியே எடுங்கள். பிறகு பெயருக்கு முன் டாட் ஸ்லாஷ் வைத்து, முதலில் உள்ளே இருக்கும் போட்டோஸுக்கு, அடுத்து டில்டேக்கு என்று ஆர்எம்டிர் மட்டும் போடுங்கள். காலி ஃபோல்டரைத் தவிர வேறெதையும் அது தொடாது. ஸ்கிரிப்டில் டில்டேக்குப் பதில் டாலர் ஹோம் ($HOME) எழுதினால் டபுள் கோட்ஸுக்குள்ளும் வேலை செய்யும்.

திருத்தும் அவசரத்தில் எம்வி வரியில் போட்டோஸ் என்பதில் கடைசி எழுத்தை விட்டுவிட்டால்? 'போட்டோ' என்று ஃபோல்டர் கிடையாது. எம்வி கவலையே படாது. முதல் படத்துக்கு 'போட்டோ' என்று பெயர் சூட்டும். இரண்டாவதை அதன் மேலேயே வைக்கும், மூன்றாவதை அதற்கும் மேலே. 399 போய் மிஞ்சுவது கடைசிப் படம் ஒன்று, பந்தியில் கை கழுவும் இடம்! போய்ச் சேரும் ஃபோல்டர் பெயருக்குப் பின்னால் ஒரு ஸ்லாஷ் இருந்திருந்தால் எம்வி முதல் படத்திலேயே முரண்டு பிடித்திருக்கும். மைனஸ் என் போட்டிருந்தால் இருக்கும் ஃபைலின் மேல் எழுதியிருக்காது.

கேமரா கார்டை இன்னும் ஃபார்மேட் பண்ணவில்லைதானே?