கடோலினியம்: சூடேறும் கோடும் குளிரும் கோடும் ஒருவழியாக ஒட்டிக்கொண்டன

கடோலினியம் என்ற அருமண் உலோகத்தைக் காந்தம் இழுக்கும் விசை வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று அளந்து வரைந்ததில், நான்காவது சுற்றில் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிட்டன. இழுவிசை சட்டென்று சரியும் இடம் 19-க்கும் 21 °C-க்கும் நடுவில். கடோலினியத்தின் கியூரி வெப்பநிலை, அதாவது அது இரும்பைப் போன்ற வலுவான காந்தத்தன்மையை இழக்கும் வெப்பநிலை, சுமார் 20 °C என்பதால் இது முழுத் திருப்தி.

10 கிராம் கட்டி, சோதனைக்குழாயில் லிக்விட் பாரஃபினுக்குள். தண்ணீர் வேண்டாம், உலோகத்தை மெல்ல அரிக்கும். குழாய் ஸ்டாண்டில் அசையாமல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே 0.01 கிராம் தராசு, அதன்மேல் 15 செ.மீ. மரக்கட்டை, கட்டையின் தலையில் 20 மி.மீ. நியோடிமியம் வட்டக்காந்தம். கட்டி காந்தத்தை மேலே இழுப்பதால் தராசில் எண் குறையும். மரக்கட்டை குட்டையாக இருந்தால் காந்தம் தராசின் உள்பாகங்களையே இழுத்து எண்ணைக் கெடுத்துவிடும்.

பாடாய்ப் படுத்தியது இடைவெளிதான். காந்தத்துக்கும் கட்டிக்கும் 5 மி.மீ. வைத்தால் 30 டிகிரியிலும் இழுவிசை தெரிகிறது. உலோகத்தில் குறையில்லை. கடோலினியம் அணுவின் உள்ளடுக்கான 4f கூட்டில் இணையற்ற எலக்ட்ரான்கள் ஏழு. கியூரி வெப்பநிலைக்கு மேலே பாராகாந்தமான (வெளிப்புலம் இருந்தால் மட்டும் லேசாக இழுபடும்) பிறகும் வலுவான புலம் அவற்றை ஓரளவு வரிசைப்படுத்திவிடும். அதனால் சரிவு வழவழவென்று இழுபடும். கட்டி காந்தத்தை விட்டு விழும் வெப்பநிலையைக் கண்ணால் பார்த்துக் குறித்துக்கொள்வது இதனால்தான் தவறாகிறது; காந்தத்தை மாற்றினால் அந்த எண்ணும் மாறும். இடைவெளியை 20 மி.மீ. ஆக்கியதும் விசை சில கிராமாகச் சுருங்கியது, ஆனால் சரிவு கூர்மையாகிவிட்டது.

அடுத்தது வெப்பத் தாமதம். கடோலினியத்தின் கியூரி மாற்றத்தில் உள்ளுறை வெப்பம் இல்லை, ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே இடத்தில்தான் நடக்க வேண்டும். இரண்டு கோடுகளும் விலகினால் முழுப்பழியும் அளக்கும் முறைமேல்தான். தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் இரட்டை உலோகக் கம்பி) பாரஃபினில் சும்மா தொங்கினால் கோடுகள் விலகத்தான் செய்யும். முனையைப் பருத்தி நூலால் கட்டியோடு சேர்த்துக் கட்டி, ஒரு டிகிரிக்கு 3 நிமிடம் கொடுத்தால் போதும். கே வகை தெர்மோகப்பிள் வேண்டாம், அதிலுள்ள நிக்கல் கலவை காந்தத்துக்கு இழுபடும். தாமிரம்–கான்ஸ்டன்டன் கொண்ட டி வகையே சரி.

வாங்குவோர் கவனத்துக்கு: 99.9% என்ற சீட்டு பெரும்பாலும் மற்ற அருமண் உலோகங்களோடு ஒப்பிட்ட தூய்மைதான். ஆக்சிஜனும் உருக்கிய பாத்திரத்தின் டான்டலமும் அந்தக் கணக்கில் வராது. அறுத்த முகத்தில் இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் 40 டிகிரியிலும் விசை பூஜ்ஜியத்துக்கு இறங்காது. புது உப்புத்தாளால் தேய்த்துவிட்டுத் தொடங்கவும்.

40-இலிருந்து 60 டிகிரி வரையான அளவீடு இன்னும் பாக்கி. அதற்குள் மனம் காந்தவெப்ப விளைவுக்குத் தாவிவிட்டது. 1 டெஸ்லா காந்தப்புலத்துக்குள் நுழைத்தால் கடோலினியம் 2 முதல் 3 டிகிரி சூடாகும், வெளியே எடுத்தால் அதே அளவு குளிரும். 1976-இல் ஜி. வி. பிரவுன் அறை வெப்பநிலையில் காந்தக் குளிர்விப்பைச் செய்து காட்டியதும் இதே உலோகத்தால்தான். அதற்குக் கட்டி உதவாது, 1 மி.மீ. தகடு வேண்டும்.